வாளில்லாத குதிரைப்படை

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பேருந்து. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் அச்சகத்தில் வேலை பார்க்கிறவள் போலிருந்தது. ஒரு காலண்டர் படத்தை மடியில் விரித்தாள். அந்தக் காலத்துக் குதிரைப்படை வீரர்கள் தங்குமிடத்தில் ஓய்வாக இருக்கும் ஓவியம்.

"மதினி, எவன் கையிலயாவது வாளு இருக்கான்னு பாருங்க."

"இல்லையே. ஒருத்தன் சட்டை தைக்கான். இவுக சீட்டு வெளயாடுதாக."

"பட்டாளம்னா எந்நேரமும் சண்டையா? எல்லையில பிரச்சினைன்னு டிவில சொன்னதுலருந்து சாப்பிடவே மாட்டேங்கீகளாமே. உங்க மகனும் இப்பிடித்தான் இருப்பான்."

மதினி படத்தில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருத்தங்கல் தாண்டியதும் அவளுடைய போன் அடித்தது.

"எய்யா! நல்லா இருக்கியா? ஏம்லே இத்தன நாளாப் பேசல? டவர் கெடைக்கலையா? சரி, சரி. இப்பத்தான் டூட்டி முடிஞ்சுதா? தூக்கம் வருதா? படுய்யா. பெறகு பேசலாம்."

போனை வைத்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இளையவள் சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

மதினி அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"மெதுவாச் சிரி, தாயி. பிள்ள இப்பத்தான் கண்ண மூடுதான்."