கொக்குச் சின்னத்தை வரைந்தவர் டாக்டர் சியாமளா

அவைத் தலைவர் பேராசிரியர் சுவாமிநாதன் அவர்களே! பிராங்பேர்ட் வாழ் தமிழ் நண்பர்களே! டார்ம்ஸ்டாட்டிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் மாணவ மாணவியரே! கனத்த நெஞ்சோடு உங்களை வணங்குகிறேன்.

சாய வேதியியல் ஆய்வாளர் டாக்டர் சியாமளா அவர்கள் மறைந்துவிட்டார். நாற்பத்தொரு வயது! இருதயம் நின்றுவிட்டது என்றார்கள் மருத்துவர்கள். அந்த இருதயத்தை நோகடித்தவர்களைப் பற்றி யார் பேசுவது? பதின்மூன்று ஆண்டுகள் அவரோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த குருமூர்த்தியாகிய நான்தான் பேச வேண்டும்.

எங்கள் சாயத் தொழிற்சாலை ஊழியர்களும் இங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கப் படைவீரர்களும் சேர்ந்து 1958 முதல் ஒரு பேஸ்பால் கழகம் நடத்தினார்கள். 1964-இல் அதன் சின்னம் தொப்பி போட்ட கரடி. சட்டையைத் துவைக்கத் துவைக்கக் கரடியின் சிவப்பு வெளிறியது. வழி கேட்டு சியாமளாவிடம் வந்தார்கள். சாயத்தை நிற்கவைத்துக் கொடுத்தார். அதோடு விட்டாரா?

1966-இல் ஓர் ஆட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். பந்து வீசுபவர் ஒரு காலைத் தூக்கி மடக்கி நின்றார். "குருமூர்த்தி சார், பாருங்கோ! அசல் கொக்கு! இவாளுக்கு எதுக்குக் கரடி?" என்று, கைப்பையிலிருந்த காகிதத்தில் அங்கேயே வரைந்தார். ஒற்றைக்கால் கொக்கு, அலகில் வெள்ளைப் பந்து! அந்த ஆண்டே அது சட்டைகளில் ஏறியது. பிள்ளைகள் பள்ளிப் பைகளில் ஒட்டிக்கொண்டார்கள். தூரத்திலிருந்து தெரியவில்லை என்றார்கள் 1971-இல். இறகுகளையெல்லாம் நீக்கி, மூன்றே கோடுகளில் அதே கொக்கை நிறுத்திக் காட்டினார்!

1975-இல் விளம்பர நிறுவனம் ஒன்று வந்தது. கொக்கு போயிற்று, மின்னல் வந்தது. சின்னம் மாறியதற்கு அவர் வருந்தவில்லை. ஆனால் சென்ற ஆண்டு, 1978-இல், கழகத்தின் இருபதாம் ஆண்டு மலரில் என்ன அச்சிட்டார்கள்? கொக்கை வரைந்தவர் ஓர் அமெரிக்க சார்ஜெண்ட் என்று!

கழகத் தலைவர் ஜெர்மானியரான ஹெர் வெண்ட்லர். எங்கள் ஆய்வுக்கூட இயக்குநரும் அவரே. நியாயம் கேட்கப் போன சியாமளாவிடம், "சாட்சி உண்டா?" என்றார். சியாமளா நேரே என் மேசைக்கு வந்தார்.

"என் பேரைப் போடணும்னுகூடக் கேக்கலை, சார். பொய்ப் பேரை எடுத்தாப் போதும். நீங்க பக்கத்துல இருந்தேளே, பாத்ததை மட்டும் சொல்லுங்கோ."

என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவிருந்த நேரம் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்த மாசம் பாக்கலாம், மேடம்." அடுத்த மாதமும் அதையே சொன்னேன். மூன்றாம் மாதம் அவர் கேட்கவில்லை. அதன்பின் வேலையைத் தவிர வேறெதுவும் என்னிடம் பேசவுமில்லை.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, நண்பர்களே! அவரைப் புகழ எனக்கு என்ன அருகதை இருக்கிறது?

ஹெர் வெண்ட்லர் இன்று வந்திருக்கிறார். மின்னல் சின்னம் அச்சிட்ட நாடாவோடு மலர்வளையமும் கொண்டுவந்திருக்கிறார். இதோ முன்வரிசையில், நான் ஏதோ பாராட்டிப் பேசுவதாக எண்ணித் தலையசைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த ஆண்டு மலரில் பொய்ப் பெயர் நீங்கி, சியாமளா என்ற பெயர் ஏறும்வரை ஓயமாட்டேன். வேலை போனால் போகட்டும்! அவர் படத்தின் முன் இது என் உறுதி. ஆனால் அதை வெண்ட்லருக்குப் புரியாத தமிழில் சொல்ல என்ன துணிச்சல் வேண்டிக் கிடக்கிறது? யாரும் எழுந்துவிடாதீர்கள். சொன்ன அத்தனையையும் முதலிலிருந்து, இப்போது ஜெர்மன் மொழியில் சொல்லப்போகிறேன்.