ஏழாம் எண்ணுக்கு உப்புநீர்

மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுவது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. பருப்பும் கோங்குரா பச்சடியும் இருந்தால் பேச்சுத்துணை எதற்கு? தவிர, என் வேலைக்கு விதித்ததே அதுதான்.

ஹைதராபாத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், வராந்தாவின் கோடியில் இருக்கிறது மருந்து அறை. அதற்கு ஒரே சாவி. அது என் கழுத்தில் தொங்கும். புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்றால் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். எங்களிடம் இருந்த பதினாறு பேரில் எட்டுக்கு எட்டு. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஊசி போடுகிறவர்களுக்குத் தெரியாது. தலைமை டாக்டர் யுகந்தருக்கே தெரியாது. தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அந்தக் கட்டடத்தில் அது தெரிந்த ஒரே ஆள், ஊசியில் மருந்தை நிரப்பிக் கொடுக்கிற நான், பிரமராம்பா. தெரிந்தவள் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, நோயாளிகளோடு பேசக் கூடாது. சோறு பிசையும்போது வாய் தவறும் என்பது விதி எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

நோயைப் பற்றி, விசாரிக்க வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் படிக்கிறவர்களுக்கு உதவும். தசைகளை ஆட்டுவிக்கிற நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். முதலில் விரல், அப்புறம் கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் தெளிவாக உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்க்கும். எங்கள் பதினாறு பேருக்கும் மரபணுவில் ஒரு பிழை. அந்தப் பிழை, தப்பான புரதம் ஒன்றைச் செய்யச் சொல்லி ஓயாமல் உத்தரவு அனுப்பும். அந்தப் புரதம் கட்டிகட்டியாகச் சேர்ந்து செல்லை நெரிக்கும். புது மருந்து அந்த உத்தரவைப் பாதி வழியிலேயே மடக்கிப் பிடிக்கும். மாதம் ஒரு தடவை, முதுகுத்தண்டு நீருக்குள் ஊசி.

என் அறைக் கதவில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஊசியை நர்ஸிடம் நீட்டுவதற்கு. அதற்கு நேர் எதிரே நோயாளிகள் உட்காரும் பெஞ்சு. யார் வைத்த வாஸ்துவோ, தெரியவில்லை. உப்புநீர்க்காரர்கள் எட்டுப் பேரும் மாதாமாதம் ஒரு பிடி குறைந்து வருவதை நான் அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போன மாதம் நடந்து வந்தவர் இந்த மாதம் தாங்கிப் பிடிக்கப்பட்டு வருவார். நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீரை வாங்கிக்கொண்டு, நர்ஸைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படித்தான் முதல் மாதம் நினைத்திருந்தேன்.

ஏழாம் எண், வீரபத்ரம். அரசு பஸ் டிரைவர், நாற்பத்து நான்கு வயது. மெஹிதிப்பட்டணம் பாலத்தில் கியர் மாற்றப்போய் கை எழும்பவில்லை. அன்றோடு வண்டியை விட்டு இறங்கியவர். அவர் மனைவி மங்கதாயாரு. அந்த அம்மாளுக்கு விதியும் கிடையாது, ஜன்னலும் கிடையாது.

"அக்கா, உள்ள மருந்து வெச்சிருக்கீங்களா, மாப்பிள்ளை வெச்சிருக்கீங்களா? கதவு திறந்து ஒரு நாளும் பாத்ததில்லையே."

"பேசக் கூடாதும்மா. போய் உக்காருங்க."

"நீங்க பேச வேணாம். நான் பேசறேன். வீட்லயும் அதே வழக்கம்தான், இவரு வாயே திறக்க மாட்டாரு."

"இடம் விட்டாத்தானே," என்பார் பெஞ்சிலிருந்து வீரபத்ரம்.

"இப்ப சட்டை பட்டன்கூட நான்தான் அக்கா போட்டுவிடறேன். கல்யாணமாகி பத்தொம்பது வருஷத்துல இப்பத்தான் என் மூஞ்சியைக் கிட்டத்துல பாக்கறாரு. பாத்துட்டுப் பயந்துபோயிருக்காரு."

பதினொன்றாம் எண், சேஷகிரி ராவ்காரு. பாசனத் துறையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தேழு வயது. இரண்டு பேருக்கும் ஒரே செவ்வாய்க்கிழமை. இரண்டாவது மாதம் வீரபத்ரம் சக்கர நாற்காலியில் வந்தபோது ராவ்காரு கேட்டார்: "ஏம்ப்பா டிரைவர், ஒருவழியா வண்டி குடுத்துட்டாங்க போலிருக்கே?"

"குடுத்துட்டாங்க ராவ்காரு. ஸ்டீயரிங்தான் வெக்க மறந்துட்டாங்க."

இருவரும் சிரித்தார்கள். ராவ்காரு கெட்ட மனிதர் என்று நான் சொன்னதாக எழுதிவிடாதீர்கள். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவருடைய மகள் ஜெர்மனியில் இருந்தாள். இதே மருந்துக்கு அங்கேயும் சோதனை நடந்தது. அங்கே எல்லாருக்கும் மருந்து, உப்புநீரே கிடையாது. அப்பாவின் பெயரை அதில் பதிந்து வைத்திருந்தாள். இதை அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். என் மேஜையில் இரண்டு ஊசிகள் தயாராக இருந்தன. ஏழுக்கு உப்புநீர். பதினொன்றுக்கு மருந்து.

நிதானமாகத்தான் யோசித்தேன். ராவ்காருவுக்கு ஜெர்மனி இருந்தது. வீரபத்ரத்துக்கு என்ன இருந்தது? செவ்வாய்க்கிழமை இருந்தது.

உள்ளே இருக்கும் நிறம் தெரியக் கூடாது என்று ஊசிகளுக்குப் பழுப்புக் காகிதம் சுற்றுவோம். அதன் மேல் எண் எழுதிய ஸ்டிக்கர். அந்த இரண்டு ஸ்டிக்கர்களையும் இடம் மாற்றி ஒட்டினேன். பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுகிற நேரம்தான் ஆயிற்று. எட்டுப் பேருக்குத்தான் மருந்து. அன்றும் எட்டுப் பேருக்குத்தான் போயிற்று. எண்ணிக்கை குறையவில்லை. அடுத்த மாதமும் மாற்றினேன். அதற்கடுத்த மாதமும். பாதியில் நிறுத்துவது இரண்டு பேருக்குமே அநியாயம் என்று எனக்குப் பட்டது.

நான்காவது மாதத்துச் செவ்வாய்க்கிழமை மங்கதாயாரு ஜன்னலுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, பாருங்க. இங்கேருந்தே பாருங்க."

வீரபத்ரம் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். திரும்பப் போட்டார். வேர்த்துக் கொட்டியது, ஐந்து நிமிஷம் ஆயிற்று. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே என் மேல் எந்தக் குற்றத்தை வேண்டுமானாலும் சுமத்திக்கொள்ளுங்கள்.

அதே நாள்தான் ராவ்காருவின் மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், எனக்கும் கேட்டது. ஜெர்மனியில் இடம் காலியாகியிருக்கிறது, இந்த வாரமே பதில் சொல்ல வேண்டும் என்றாள்.

"எதுக்கும்மா அலைச்சல்? எனக்கு இங்கயே மருந்துதான் போகுது. ஊசி போட்டதும் நாக்குல பித்தளை ருசி வருது. உப்புநீர்ல அப்படி வருமா? அந்த இடத்தை வேற யாராவது பாவப்பட்டவனுக்குக் குடுக்கச் சொல்லு."

நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அது அவர் எடுத்த முடிவு. நோயாளியோடு நான் பேசக் கூடாது. சங்கராந்திக்கு மறுவாரம், மூச்சு முட்டி அவர் போனார். ரிஜிஸ்டரில், மருந்து வாங்கியும் பலன் இல்லாமல் போனவர் என்று இருக்கிறது. இப்போது உங்களுக்குத் தெரியும், அவர் உடம்பில் ஒரு சொட்டு மருந்துகூட... இல்லை, தப்பு. முதல் மாதத்து ஊசி சரியாகத்தான் போயிற்று. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரை உறைய வைத்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்ததும், ஏழில் மருந்து இருக்கிறது, பதினொன்றில் முதல் மாதத்துக்குப் பிறகு ஏறவே இல்லை என்று அவர்கள் எழுதியதும், நீங்கள் வந்ததும் எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கின்றன. நான் எதையும் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஸ்டிக்கரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டால், அந்த வெள்ளிக்கிழமையின் கால்மணி நேரத்தைப் பற்றி இருபது கேள்வி கேட்கிறீர்கள். சொல்கிறேன். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

வீரபத்ரத்துக்கு ஐந்தாவது ஊசி போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. காய்ச்சல், கழுத்து விறைப்பு, இரண்டு தடவை வலிப்பு. காலை பதினோரு மணிக்கு டாக்டர் யுகந்தர் என் ஜன்னலுக்கு வந்தார். கையில் படிவம். இந்த மாதிரி ஆபத்துக்கென்றே என் அலமாரியில் ஆளுக்கொரு சீல் வைத்த உறை உண்டு. உள்ளே ஒரு தாள். அதில் மருந்து அல்லது உப்புநீர், இரண்டில் ஒன்று எழுதியிருக்கும். எனக்குத் தெரியும் என்றாலும் நானாகச் சொல்லக் கூடாது, டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் மட்டும் உறையை உடைத்து வாசிக்க வேண்டும்.

"ஏழாம் நம்பரை உடைச்சிடு பிரமராம்பா."

"கையெழுத்து டாக்டர்?"

"போட்டிருக்கேன், கீழ பாரு. சீக்கிரம். அவருக்குப் போனது மருந்துன்னா, இது மருந்து கிளப்பின வீக்கம். இப்பவே ஸ்டீராய்டு ஊத்தினா அடங்கிடும். உப்புநீர்னா இது ஏதோ கிருமி. கிருமிக்கு ஸ்டீராய்டு குடுத்தா ஆளைக் கொன்னுடுவேன். ரெண்டையும் என்னால செய்ய முடியாது. எதுன்னு மட்டும் சொல்லு."

அவருக்குப் பின்னால் மங்கதாயாரு நின்றுகொண்டிருந்தாள். வீரபத்ரத்தின் செருப்புகள் அவள் கையில் இருந்தன. ஆம்புலன்ஸில் ஏற்றியபோது கழன்று விழுந்திருக்க வேண்டும். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உறையை எடுத்தேன். சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். நேரத்தை எழுதினேன், பதினொன்று ஏழு. கிழித்தேன்.

அப்போது என் மனதில் என்ன ஓடியது என்று கேட்டீர்கள். வேலை போய்விடும், ஜெயிலுக்குப் போவேன் என்று பயந்தேனா என்கிறீர்கள். இல்லை. மற்ற நோயாளிகளைத்தான் நினைத்தேன். இந்த ஒரு தப்பு வெளியே வந்தால் சோதனையையே இழுத்து மூடுவார்கள். பாக்கிப் பேர் என்ன செய்வார்கள்? அவர்களுக்காக நான் கொஞ்சம் பொறுப்போடு இருக்க வேண்டியிருந்தது.

"உப்புநீர்," என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"தாள்ல அப்படித்தான் இருக்கு டாக்டர்."

அவர் படிவத்தை இன்னொரு தடவை புரட்டினார். நல்ல டாக்டர். அவருக்கு ஏதோ இடித்தது என்று நினைக்கிறேன். ஆனால் கேட்டது மங்கதாயாருதான்.

"உப்புநீரா? அப்ப சட்டை பட்டனை எப்படி அக்கா போட்டாரு?"

டாக்டரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள்.

டாக்டர்தான் பதில் சொன்னார். "நம்பிக்கைம்மா. மருந்துதான் போகுதுன்னு நம்பினா சில பேருக்கு நாலு வாரம் உடம்பு தானாவே கேக்கும். இது எங்களுக்குப் பழக்கமான விஷயம்தான்."

"அவருக்கு ஏது டாக்டர் நம்பிக்கை? தண்ணிதான் போகுதுன்னு தினமும் சொல்லிட்டிருந்தாரே. நம்பினது நான்தானே?"

டாக்டர் அதற்குள் வராந்தாவில் பாதி தூரம் போய்விட்டார். "ஸ்டீராய்டு வேண்டாம், கிருமிக்கு ஆரம்பிங்க" என்று நர்ஸிடம் அவர் சொல்வது கேட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரம்தான். என் குரல் எழும்பவில்லை. கையும் எழும்பவில்லை. அந்த நோய்க்காரர்களுக்கு எப்படி இருக்கும் என்பது அந்த ஒரு நிமிஷம் எனக்குப் புரிந்தது.

மங்கதாயாரு ஜன்னலை விட்டு நகரவில்லை. செருப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமாமே. இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க. உங்களை ஒண்ணும் கேக்க மாட்டேன். கோபிக்க மாட்டேன். எதுன்னு மட்டும் சொல்லுங்க."

"பேசக் கூடாதும்மா," என்றேன்.

ஜன்னலை மூடினேன். பதினொன்று இருபத்திரண்டு. நீங்கள் கேட்ட கால்மணி நேரம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீரபத்ரம் இறந்தார். வெளிநாடுகளில் இதே வீக்கம் வந்த ஐந்து பேரும் ஸ்டீராய்டில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று நீங்கள் இன்று காலை சொன்னீர்கள். ஐந்து பேர் என்பது எனக்குத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் மூன்று பேரைப் பற்றித்தான் எனக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. படித்துக் கையெழுத்துப் போட்டு, ஃபைலில் வைத்திருக்கிறேன். பார்த்திருப்பீர்கள்.

அதன் பிறகு சோதனைக்குழு கூடியது. இறந்தவர் உப்புநீர்க்காரர், ஆகவே மருந்தின் மேல் தப்பில்லை என்று முடிவு செய்து அளவைக் கூட்டினார்கள். கூட்டிய அளவையும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். போன மாதம் இன்னொருவருக்குக் காய்ச்சல் வந்தது. அவருடைய உறையையும் என்னிடம்தான் கேட்டார்கள். மருந்து என்று இருந்தது, மருந்து என்றே சொன்னேன். அவர் பிழைத்துக்கொண்டார். அதை யாரும் எனக்குச் சாதகமாக எழுதப்போவதில்லை என்பதும் தெரியும்.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரை மாற்றியவள் நான். ராவ்காருவுக்கு நான்கு மாதம் தண்ணீர் கொடுத்தேன். வீரபத்ரம் போன பிறகு, எதற்கு வம்பு என்று ராவ்காருவின் மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அவர் சாகும்வரை தண்ணீரையே தொடர்ந்தேன். வீரபத்ரத்தின் உடம்பில் மருந்து இருப்பது தெரிந்த ஒரே ஆள் நான். டாக்டர் கேட்டபோது சொல்லவில்லை. மங்கதாயாரு கேட்டபோதும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

பொய் சொன்னேன் என்று நீங்கள் எழுதியிருக்கிற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அன்றைக்கு உறைக்குள் என்ன இருந்ததோ, அதை ஓர் எழுத்துகூட மாற்றாமல்தான் வாசித்தேன்.