ஒருத்தரும் வெல்லாத வருசம்

இலங்கையில் ஊர்ச் சண்டை முடியப்போகுது என்று ரொறன்ரோவில் எங்கட ஆக்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த 1994 இலையுதிர்காலம். மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள். மூத்தவர் பேஸ்போல் மைதானத்தில், ஆட்டம் பார்க்கிறவர்கள் தின்றுவிட்டுப் போடும் கச்சான் கோது கூட்டுகிறவர். ஆட்டக்காரர் சம்பளத் தகராறில் ஸ்ரைக் செய்து விளையாட மறுத்ததால் அவருக்கும் வேலை இல்லை.

"அப்ப இந்த வருசம் ஆரக்கா வெண்டது?"

"ஒருத்தரும் வெல்லேல்லை. பாதியிலை நிப்பாட்டிப் போட்டாங்கள்."

"உதென்ன விளையாட்டு? ஒரு முடிவு வேண்டாமே?"

"எனக்கும் முதல்லை கோவம்தான்."

மூத்தவர் மற்றவளின் பக்கம் திரும்பினார்.

"அங்கை ஊரிலையும் உப்பிடி நிப்பாட்டட்டும், பிள்ளை. என்ர பெடியன் இன்னும் சண்டைக்குள்ளை நிக்கிறான். அவன் உயிரோடை வந்தாக் காணும். ஆர் வெண்டதெண்டு நான் கேக்கமாட்டன்."