ஃபமகுஸ்டா வீட்டுக் கதவு

ராத்திரி ரெண்டு மணி. எங்க தீவோட தெக்குக் கரையில லிமசோல்ல, துறைமுகத்துக்குப் பின்னாடி, துருக்கிக்காரங்க விட்டுட்டுப் போன சந்து... ஒரு நாய்கூட கிடையாது. சிரிக்காத, கேளு. எங்க பேக்கரியில மாவு பிசையுற லொயிசோஸோட அம்மாவுக்கு நடந்தது.

கிறிஸ்தாலான்னு பேரு. எழுபத்தி நாலுல துருக்கிப் பட்டாளம் அவ ஊரு ஃபமகுஸ்டாவுக்குள்ள வந்தப்போ, அடுப்புல வெந்த காராமணியை அப்படியே விட்டுட்டு ஓடிவந்தவ. பெரியவன் பானிகோஸுக்குப் பத்தொன்பது வயசு, நம்ம கிரேக்கப் பக்கத்துப் பட்டாளத்துல இருந்தான். செத்தான்னும் சேதி இல்ல, இருக்கான்னும் சேதி இல்ல. இங்க சர்க்கார் அவளுக்கு ஒதுக்கினது, உயிருக்குப் பயந்து வடக்கே போன ஒரு துருக்கிக் குடும்பத்து வீடு. நல்ல நியாயம்... அவங்க வீட்டுல இவங்க, இவங்க வீட்டுல அவங்க.

மகன் வந்தா வாசல்ல நிக்கக் கூடாதுன்னு அவ தாழ் போடவே மாட்டா.

மொத குளிர்காலம். சந்துல காலடி. ஒரு கால்ல பூட்ஸ், ஒரு கால் வெறுங்கால். டக்... சத்... டக்... சத். கதவுகிட்ட நின்னுச்சு. ஈர மண்ணும் சுண்ணாம்பும் கலந்த வாசனை. "வந்துட்டியாடா கண்ணு"ன்னு ஓடிப்போய்த் திறந்தா...

வேற பையன். அரும்பு மீசை. முகமெல்லாம் சுண்ணாம்பு. அவளைத் தாண்டி வீட்டுக்குள்ளயே பார்த்தான். "அன்னே"ன்னான். துருக்கியில அம்மா. அது அவளுக்குத் தெரியாமயா?

முகத்துல அடிச்ச மாதிரி சாத்தினா. தாழ் போட்டா. அன்னைலேர்ந்து தினம் ரெண்டு மணிக்கு... மூணு தட்டு. இருபத்தெட்டு வருஷம். திறக்கல. யார்கிட்டயும் மூச்சு விடல.

ரெண்டாயிரத்து மூணுல தீவுக்கு நடுவுல இருந்த எல்லையைத் திறந்துட்டாங்க. லொயிசோஸ் பழைய வீட்டைப் பார்க்கப் பாஸ்போர்ட்டோட கிளம்பினப்போதான் கிழவி எல்லாத்தையும் சொன்னா. அழல.

"என் புள்ள வரலையேன்னு ஆத்திரம்டா. செத்தும் தன் வீட்டைத் தேடி வந்த அந்தப் பையனுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்திருக்கலாம்... குடுக்கல. ஃபமகுஸ்டாவுல நம்ம வீட்டுல இருக்கிறவகிட்ட கேளு, என் புள்ள அங்க வரானான்னு. வந்தா... திறக்கச் சொல்லுடா."

அம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னுதான் அவரு நெனச்சாரு. இருந்தாலும் போனாரு. நல்ல வெயில், சாயங்காலம் நாலு மணி. வீடு அப்படியே இருக்கு, வாசல்ல இருந்த எலுமிச்சை மரத்தை மட்டும் காணோம். தட்டினாரு. "உள்ள யாரும்மா?"ன்னு கிரேக்கத்துல குரல் குடுத்தாரு. அண்ணன் குரல் அப்படியே இவருக்குன்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க.

உள்ள ஒரு துருக்கிக் கிழவி. திறக்கல. அந்தக் காலத்து ஆளு, கிரேக்கம் வரும்.

"என்ன, இன்னைக்குப் பகல்லயே வந்துட்ட?"

லொயிசோஸ் இன்னொரு தடவை தட்டினாரு.

"போடா. இது உங்கம்மா வீடு இல்ல."

தாழ்ப்பாள் விழுந்துச்சு. ஒண்ணு இல்ல... ரெண்டு.