பேரலலுக்குப் பலாப்பால்

பலாப்பால் கையில் ஒட்டிக்கொண்டால் சோப்புப் போட்டுத் தேய்த்து அவதிப்படக் கூடாது சாமி. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் வந்துவிடும்.

காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் நீங்கள். மஞ்சக்குட்டை வரைக்கும் ஜீப்பில் வந்து, "ஏனுங்க வேலம்மாக்கா, எங்க தகடு பன்னெண்டும் எப்படிங்க கோணலாச்சு?" என்று கேட்கிறீர்கள். டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

அண்ணாதுரை பட்டறையில் இரும்பைச் சீவும் மில்லிங் மிஷின் இரண்டு. ஒன்றில் இருபது வருஷமாக நான் நிற்கிறேன். காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்பருக்குத் தகடு மட்டம் செய்வதுதான் வேலை. தகட்டை வைஸில், அதாவது மிஷினின் இரும்புப் பிடியில், வைத்து இறுக்குவதற்கு முன்னால், அடியில் ஒரே உயரத்தில் இரண்டு இரும்புப் பட்டைகளை நிறுத்த வேண்டும். பேரலல் என்போம். தகடு அதன்மேல்தான் உட்காரும். தகட்டை எடுத்த உடனே இரண்டும் தொப்பென்று சாய்ந்துவிடும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், உங்களுக்கும் எரிச்சல் வரும்.

ஒரு நாள் பேரலலுக்கு அடியில் கொஞ்சம் பலாப்பால் தடவினேன். அப்படியே நின்றன. மொதலாளி பார்த்துவிட்டு, "அக்காவுக்கு இன்ஜினியர் மூளைங்க" என்றார். எனக்கு நொம்ப சந்தோஷம்.

அப்புறம் ஃபெபி வந்தாள். கோயமுத்தூர் கம்பெனியில் வேலை பார்த்தவள், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அடுத்த மிஷின் அவளுக்கு. இரண்டு பேரலலுக்கும் நடுவில் சின்ன ஸ்பிரிங் ஒன்றைச் செருகுவாள். அது இரண்டையும் ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளி நிறுத்திவிடும். என் வைஸைப் பார்த்தாள்.

"ஒட்டக் கூடாதுங்கக்கா. தகடு சரியா உக்காரலைன்னா பேரலல் ஆடும், விரல்ல தொட்டாத் தெரியும். ஒட்டிட்டா எப்படிங்க ஆடும்?"

சொன்னதோடு விடவில்லை. என் தகட்டுக்கு அடியில் ஒரு பக்கம் காகிதத் துண்டைச் செருகி இறுக்கி, தொட்டுப் பார்க்கச் சொன்னாள். பேரலல் ஆடவில்லை. தகடோ கோணல்.

லேத்தில் நின்ற எல்வின், "அக்காவோட பேரலலு நம்மூரு பஞ்சாயத்து மெம்பராட்டங்க, என்ன நடந்தாலும் அசையாது" என்றான். பட்டறையே சிரித்தது. மொதலாளியும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஃபெபி மட்டும் சிரிக்காமல், தன்னிடமிருந்த இன்னொரு ஸ்பிரிங்கை எனக்குக் கொடுத்தாள். அன்பாகத்தான் கொடுத்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அறுவடைக்கு முன்னால் உங்கள் எஸ்டேட் ஆர்டர் வந்தது. மொதலாளி அதை ஃபெபியிடம் கொடுத்தார். அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் மிஷினுக்குப் போனேன். ஒரு பேரலலுக்கு அடியில் காப்பிக்கொட்டையின் காய்ந்த தோல் ஒரு துணுக்கு வைத்தேன். மற்றதுக்கு அடியில் பலாப்பால் இரண்டு சொட்டு. ஸ்பிரிங்கைப் பழையபடி செருகிவிட்டேன்.

அவள் வந்து தகட்டை வைத்து இறுக்கினாள், மரச்சுத்தியால் தட்டினாள், விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆடவில்லை. நம்பி ஓட்டினாள், பன்னிரண்டு தகடும். சாயங்காலம் அவள் போனதும் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பல்பரில் ஒரு பக்கம் கொட்டை நசுங்கியது, இன்னொரு பக்கம் பழம் பழமாகவே வெளியே வந்தது.

"ஒவ்வொண்ணுக்கும் தொட்டுப் பாத்தனுங்க, ஆடவே இல்லீங்க" என்று ஃபெபி அழுதாள். மொதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் அவளுக்காகத்தான் பேசினேன். "ரெண்டு கொழந்தைய வெச்சிருக்கறவ, தூக்கம் பத்தாது. தொட்டுப் பாக்க மறந்திருப்பா. திட்டாதீங்க" என்றேன். மொதலாளி திட்டவே இல்லை. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். குழந்தைகளுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

போன வாரம் சேலத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரர் போன் செய்தார். அங்கே வேலை கேட்டபோது, விசாரித்துக்கொள்ளச் சொல்லி ஃபெபியே என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். நல்ல பொண்ணு, சுத்தமான வேலை, நேரத்துக்கு வருவாள் என்று வாயாரச் சொன்னேன். குறை ஏதும் உண்டா என்று கேட்டார். கொஞ்சம் மறதி என்றேன். அப்புறம் அவளை அவர்கள் கூப்பிடவே இல்லையாம்.

தோலை வைத்தது, பால் தடவியது, துடைத்தது எல்லாம் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள் சாமி. ஆனால் வேலை கொடுக்கிற மனுஷர் நம்பிக் கேட்கும்போது, தெரிந்த குறையை எப்படி மறைப்பது? பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.