பாட்டில்ல ஒட்டின சீட்டு

— சுடுதண்ணியில முக்காதடா மாப்ளே! கிளவுஸோட பிடிப்பு போயிடும். எத்தனை தடவை சொல்றது?

— வெதுவெதுப்புதான் மாமா. ஏழு வருஷமா உங்க கிளவுஸை நான்தானே துவைக்கிறேன்.

— அதையாவது உருப்படியா செய்யறியே. கோல்கீப்பர்னு பேரு! இந்த நாட்டுக்கு வந்து எத்தனை ஆட்டம் ஆடியிருக்கே?

— மூணு.

— அதுல ஒண்ணு எனக்கு வயித்துப்போக்கு. இன்னொண்ணு, நான் சிவப்பு அட்டை வாங்கி உக்காந்தேன்.

— மூணாவது நீங்க லீவுல போயிருந்தப்ப. அன்னிக்கு நாலு பெனால்டி புடிச்சேன்.

— பயிற்சி ஆட்டம்டா அது! பார்க்க வந்தது ரெண்டு புறா. அதை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லிக்கிட்டுத் திரிவே?

— சரிங்க மாமா.

— இந்த 'சரிங்க மாமா'தான் உன் வியாதி. உன் அக்காவைக் கட்டின பாவத்துக்கு, 'இவனையும் சேர்த்து எடுத்தாத்தான் வருவேன்'னு கிளப்புல சொன்னேன். வாஷிங் மெஷின் வாங்கினா வாளி ஒண்ணு இலவசமாக் குடுப்பான் பாரு, அந்த வாளிடா நீ. புரியுதா?

— புரியுது மாமா.

— போன மாசம் ஃபைனல்ல ஜனம் யார் பேரைச் சொல்லிக் கத்துச்சு? சொல்லு.

— உங்க பேரைத்தான். மூணு பெனால்டி புடிச்சீங்களே.

— புடிச்சேன்ல?

— ஒவ்வொரு தடவையும் தண்ணி குடிக்கிற மாதிரி பாட்டிலைத் தூக்கி, நான் ஒட்டின சீட்டைப் பார்த்துட்டுப் புடிச்சீங்க.

— என்னடா பெரிய சீட்டு? ஏழாம் நம்பர் இடது, பத்தாம் நம்பர் வலது. சின்னக் குழந்தை எழுதும்.

— எதிர் டீம்ல ஒவ்வொரு ஆளும் அடிச்ச நாப்பது, அம்பது பெனால்டியை வீடியோவுல பார்த்து எழுதினது மாமா.

— பெஞ்சைத் தேய்க்கிறவனுக்கு வேற என்ன வேலை? அதையும் ஒழுங்கா ஒட்டினியா? போன வருஷ ஃபைனல்ல, அந்த மழையில சீட்டு பிஞ்சு வந்துடுச்சு. அஞ்சு பேர் அடிச்சானுங்க. அஞ்சு தடவையும் வலது பக்கமே விழுந்தேன். அஞ்சும் உள்ளே! உன் டேப்பாலதான்டா கோப்பை போச்சு.

— ஞாபகம் இருக்கு மாமா. நல்லாவே ஞாபகம் இருக்கு.

— அடுத்த சீசனுக்காவது நல்ல டேப்பா வாங்கி வை. எனக்கு ஒப்பந்தத்தை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிட்டாங்க. உன்னோடது முடிஞ்சுபோச்சாம். மூஞ்சியைத் தொங்கப் போடாதே, ஜெர்சி மடிக்கிற ரூம்ல உன்னைச் சேர்த்துக்கச் சொல்றேன்... அது என்னடா கதவோரம் பை?

— என்னோடது மாமா. நாலு மணிக்கு ரயில்.

— ஊருக்கு ஓடறியா?

— இல்லை. இந்த நாட்டுலேயே வேற கிளப்பு. நேத்து கையெழுத்துப் போட்டேன்.

— உன்னையா? எவன்டா அவன் புத்திகெட்டவன்? அங்க எத்தனாவது பெஞ்சு?

— பெஞ்சு இல்லை. ஒண்ணாம் நம்பர் கீப்பர். அந்தப் புறாக்களோட அவங்க கோச்சும் உக்காந்து பார்த்தாராம்.

— உன் அக்காவுக்குத் தெரியுமா?

— அவதான் பையைக் கட்டிக் குடுத்தா.

— அவளுமா! போ, தாராளமாப் போ. முதல் ஆட்டத்துலேயே வாங்கிக் கட்டிக்கிட்டு வந்து இந்தக் கதவைத் தட்டுவே. நான் திறக்க மாட்டேன்.

— முதல் ஆட்டமே உங்ககூடதான் மாமா. நாக்-அவுட்டு. சமமாப் போனா பெனால்டி.

— டேய், இரு. பையைக் கீழே வை. அப்போ எனக்கு யாருடா சீட்டு எழுதுவா?

— யார் வேணா எழுதலாமே. சின்னக் குழந்தையே எழுதும்னீங்க. எங்க புது டீம் பசங்களுக்கு நான் அதுகூட எழுதலை மாமா, வாயாலேயே சொல்லிட்டேன்: கையில சீட்டு இல்லேன்னா அவரு வலது பக்கமேதான் விழுவாரு.