மேட்டுத் தோட்டத்துக் கபெர்னே

— பதினோரு மணி ஆச்சு அண்ணி. இன்னும் தள்ளிப்போட்டா நாக்கு பசியில பொய் சொல்லும்.

— காலையிலேர்ந்து காப்பிகூடக் குடிக்கல, ஃபாபியேன். உன் அண்ணன் உசிரோட இருந்தப்பவும் இதே கொடுமைதான்.

— ஒயின் ருசி பாக்கற அன்னிக்குக் காப்பி குடிச்சா விளங்கிடும். சரி... பந்தயம் ஞாபகம் இருக்கில்ல?

— இருக்கு. ஒரு குவளையில வெறும் மெர்லோ திராட்சை ஒயின். இன்னொண்ணுல மேட்டுத் தோட்டத்துக் கபெர்னே ஃப்ராங்க் திராட்சையும் கலந்திருக்கு. வெறும் மெர்லோதான் எனக்குப் பிடிச்சுதுன்னா...

— மேட்டுல இருக்கற கொடியெல்லாம் பிடுங்கிட்டு மெர்லோ நடறோம். இல்லன்னா கொடி அப்படியே இருக்கும்.

— எங்க கல்யாண வருஷம் அவர் வச்ச கொடி.

— பாதி பட்டுப்போச்சு. மீதிக்குள்ள டிராக்டர் நுழையாது. குனிஞ்சு குனிஞ்சு வெட்டறது நான்தான்.

— தெரியும்ப்பா. நேத்து படியில உக்காந்து முதுகைப் பிடிச்சுக்கிட்டிருந்த. ஆனா, "ஒரே திராட்சையில ஒயின் பண்றதுக்கு இது என்ன பர்கண்டியா? போர்தோடா, இங்க கலக்கணும்!"ன்னு அவர் கத்துவார்.

— "மெர்லோ சதை, கபெர்னே எலும்பு." கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. எடுங்க.

— முழுங்கவா, துப்பவா?

— துப்புங்க! முழுங்கினா ரெண்டாவது குவளைக்குள்ள பாட ஆரம்பிச்சுடுவீங்க.

— வாயை மூடு... ம்.

— என்ன ம்?

— இரு. அடுத்ததைக் குடு.

— முகம் ஏன் இப்படிப் போகுது?

— மறுபடி முதல் குவளை.

— எது பிடிச்சுதுன்னு மட்டும் சொல்லுங்க அண்ணி.

— கபெர்னேக்கே உள்ள அந்தப் பென்சில் சீவின வாசனை வருது.

— எதுல?

— நீ சொல்லேன்.

— எனக்கு... மூக்கடைப்பு.

— பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும். ரெண்டுலயும் கபெர்னே கலந்திருக்க. பிடுங்கியே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னவன் நீதானே?

— நின்னேன். கலக்கறப்போ கை வரல. நீங்க தோத்துட்டு, தினமும் அந்த வெறும் மேட்டைத் தாண்டி எப்படி நடப்பீங்க? எதைத் தொட்டாலும் நீங்க ஜெயிக்கணும்னு...

— முட்டாள்.

— திட்டுங்க.

— உன் முதுகு பட்டது போதும்னுதான் நான் இந்தப் பந்தயத்துக்கு உக்காந்ததே. கபெர்னே எதுல இருக்குன்னு மூக்கு சொல்லிடும், அதை ஒதுக்கிட்டு மத்ததுதான் பிடிச்சுதுன்னு காட்டிடலாம்னு நெனச்சேன். ரெண்டு குவளையிலயும் அவரையே ஊத்தி வச்சிருக்கியே தம்பி... இப்ப நான் எதைக் காட்ட?